இடைவெளியும் ஓர் எழுத்தே

கணிப்பொறியின் விசைப்பலகையில் எழுத்து எதுவும் பொறிக்கப்படாத விசை ஒன்று உண்டு. அளவிலோ அதுதான் மிகப் பெரியது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே நாம் கட்டைவிரலால் தட்டும் இடைவெளி விசையைத்தான் சொல்கிறேன். அதைத் தட்டும்போது எதையும் எழுதாமல் ஓர் எழுத்தளவு நகர்கிறோம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்து அச்சுக்கோப்பவரிடம் கேட்டால் சிரித்திருப்பார். அவருக்கு இடைவெளியும் கையால் எடுத்து வைக்க வேண்டிய ஓர் ஈயத் துண்டு. கணிப்பொறியின் கணக்கும் அச்சுக்கோப்பவரின் கணக்குதான். 1963-இல் வெளியான ஆஸ்கி அட்டவணையில் பெரிய 'ஏ'க்கு 65 என்ற எண் இருப்பதைப் போலவே இடைவெளிக்கும் 32 என்ற எண் இருக்கிறது.

இந்த 32-ஆம் எண் புகைப்படக் குறிச்சொற்களில் செய்யும் குழப்பத்தையும், அதைச் சமாளிக்க வழக்கமாகக் கூறப்படும் வழிகள் எவ்வளவு தூரம் சரியானவை என்பதையும் இங்கே பார்ப்போம். இது கணிப்பொறிக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தாவரம், பறவை, கல்வெட்டு, கோயில் என்று எதையேனும் படமெடுத்துச் சேர்த்து வைப்பவர் யாராக இருந்தாலும் இன்றோ நாளையோ இதில் இடறத்தான் போகிறார்.

முதலில் குறிச்சொல் என்றால் என்ன? எண்முறைப் புகைப்படக் கோப்பில் படம் மட்டும் இருப்பதில்லை. எடுத்த நாள், நேரம், கேமராவின் பெயர் போன்ற குறிப்புகளும் அதனுள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இவற்றுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். படத்தில் இருப்பது என்ன என்பதை நாமே எழுதி வைப்பதற்கும் அதில் இடமுண்டு. அங்கே எழுதப்படுபவையே குறிச்சொற்கள். செய்தி நிறுவனங்களுக்காக 1990-களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட ஐ.பி.டி.சி. முறையில் ஒரு படத்துக்கு எத்தனை குறிச்சொற்கள் வேண்டுமானாலும் தரலாம். ஒவ்வொன்றும் 64 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அடோபி நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. முறையில் அந்த வரம்பும் இல்லை.

இரண்டு முறைகளிலும் ஒரு நல்ல பண்பு இருக்கிறது. குறிச்சொற்கள் ஒரே நீண்ட வரியாக எழுதப்படுவதில்லை. பெட்டியில் அடுக்கிய சீட்டுகள்போல ஒவ்வொன்றும் தனித்தனியாக வைக்கப்படுகிறது. ஆகையால் ஒரு சீட்டுக்குள் எத்தனை இடைவெளி இருந்தாலும் கெடுதல் இல்லை. 'மஞ்சள் மூக்கு நாரை' என்பது மூன்று சொல். ஆனால் ஒரே சீட்டு. படத்தை எடுத்து வைக்கும் கோப்பின் அமைப்பில் குறை ஏதும் இல்லை என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது.

உயிரினங்களின் பெயரில் இடைவெளி என்பது அலங்காரம் அன்று. லின்னேயஸ் 1753-இல் தாவரங்களுக்கும் 1758-இல் விலங்குகளுக்கும் நிலைநாட்டிய இருசொற் பெயர்முறையே அந்த இடைவெளியின்மேல்தான் நிற்கிறது. முதற்சொல் பேரினத்தைக் கூறும். இரண்டாவது சொல் சேர்ந்தால்தான் இனம் விளங்கும். சாம்பல் நாரை ஆர்டியா சினேரியா. செந்நாரை ஆர்டியா பர்பூரியா. பெரிய வெள்ளைக் கொக்கு ஆர்டியா ஆல்பா. இடைவெளிக்குப் பின்னே உள்ளதை வெட்டிவிட்டால் மூன்று பறவைகளும் ஒன்றாகிவிடும்.

அப்படி வெட்டியவன் நான்தான். எங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள ஏரியில் மாணவர்கள் இரண்டு பருவங்களாகப் பறவைகளைப் படமெடுத்து, இனவாரியாகத் தனித்தனிக் கோப்புறைகளில் போட்டுத் தந்திருந்தனர். கரையின் எந்தப் பக்கம், எடுத்தவர் யார் என்ற குறிச்சொற்களையும் ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள். லத்தீன் பெயரைச் சேர்க்கும் வேலை மட்டும் என்னுடையது. நூற்றுக்கணக்கான படங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து எழுதவா முடியும்? ஒரே கட்டளையில் முடித்துவிடலாம் என்று எக்ஸிஃப்டூல் என்னும் இலவச நிரலை எடுத்துக்கொண்டேன்.

இந்த நிரலைப் பற்றி ஒரு வார்த்தை. இதை 2003-இல் வெளியிட்டு வளர்த்து வருபவர் ஃபில் ஹார்வி. கனடாவில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சட்பரி சுரங்கத்தில் நடந்த நியூட்ரினோ ஆய்வில் பங்கேற்ற இயற்பியலாளர். நம் துறைக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, படக்குறிப்புகளைக் கையாளுவதில் இதைவிட விரிவான கருவியை நான் கண்டதில்லை. கீழே நான் கூறும் குறைகளையும் அந்த மதிப்போடுதான் கூறுகிறேன்.

நான் இட்ட கட்டளை இதுதான் (ரோமன் எழுத்தில் தட்டச்சிட வேண்டியதைப் படிக்க எளிதாகத் தமிழில் தருகிறேன்):

எக்ஸிஃப்டூல் -குறிச்சொல்=ஆர்டியா சினேரியா சாம்பல்நாரை

கடைசியில் இருப்பது கோப்புறையின் பெயர். எக்ஸிஃப்டூல் இதைப் பார்க்கும் முன்பே இன்னொரு நிரல் பார்த்துவிடுகிறது. அதற்கு ஷெல் என்று பெயர். நாம் தட்டும் வரியை வாங்கி, இடைவெளி கண்ட இடமெல்லாம் நறுக்கி, துண்டுகளை உரிய நிரலிடம் கொடுப்பது அதன் தொழில். நறுக்கிய பின் எக்ஸிஃப்டூலின் கைக்கு வந்தவை மூன்று துண்டுகள்: 'குறிச்சொல்=ஆர்டியா', 'சினேரியா', 'சாம்பல்நாரை'. முதலாவது கட்டளை. மற்ற இரண்டும் கோப்புகளின் பெயர் என்று அது எடுத்துக்கொண்டது. சினேரியா என்ற பெயரில் கோப்பு இல்லையே என்று ஒரு வரி முணுமுணுத்தது. பிறகு கோப்புறையிலிருந்த 186 படங்களிலும் 'ஆர்டியா' என்று எழுதிவிட்டு, '186 படங்கள் திருத்தப்பட்டன. 1 கோப்பு திருத்தப்படவில்லை' என்று அறிக்கை தந்தது.

ஒரு படம் பழுதாகியிருக்கும்போலும் என்று எண்ணிக்கொண்டு அடுத்த கோப்புறைக்குப் போனேன். அங்கும் 1 கோப்பு திருத்தப்படவில்லை. மூன்றாவதிலும் 1. மூன்று முறையும் ஒரே பிழை வந்தால் அது தற்செயற் பிழை அன்று, முறைப்பிழை என்று ஆண்டுதோறும் முதலாமாண்டு ஆய்வக வகுப்பில் நானே பாடம் நடத்துகிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

இதற்கு மேல் இன்னும் இரண்டு தவறுகளும் செய்தேன். 'சமம்' குறியிட்டால் பழைய குறிச்சொற்கள் முழுவதும் நீங்கிப் புதியது மட்டும் நிற்கும். 'கூட்டல் சமம்' இட்டால்தான் பழையவற்றோடு புதியது சேரும். நான் இட்டது வெறும் 'சமம்'. வட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று, மூலப்படத்தின் நகலை வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் நிறுத்தி வைத்திருந்தேன். பெயர்தான் படத்துக்குள்ளேயே வந்துவிட்டதே, இனி தனித்தனிக் கோப்புறை எதற்கு என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியது கடைசிக் காரியம். அடுத்த நாள் ஒரு மாணவி செந்நாரைப் படங்களைத் தேடினாள். ஒன்றும் வரவில்லை. ஆர்டியா என்று தேடினாள். எல்லாம் வந்தன.

நாரையின் கதை இவ்வளவே. இனி விமரிசனத்துக்கு வருவோம். இந்தச் சங்கடத்துக்குப் பலரும் கூறும் மருந்து இடைவெளியே வேண்டாம் என்பதுதான். 'ஆர்டியா_சினேரியா' என்று அடிக்கோடிட்டு எழுது, அல்லது 'ஆர்டியாசினேரியா' என்று சேர்த்து எழுது என்பார்கள். எனக்கு இது சிறிதும் உடன்பாடில்லை. குறிச்சொல் எழுதப்படுவது நாளை யாரோ ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பதற்காக. அவர் பறவை நூலில் உள்ளபடி இரண்டு சொல்லாகத்தான் தேடுவார். அடிக்கோடிட்ட பெயர் அகப்படாமல் போகலாம். பின்னால் மனம் மாறி அடிக்கோட்டையெல்லாம் இடைவெளியாக மாற்றிவிடலாமே என்றால், முதலிலேயே அடிக்கோடு இருக்க வேண்டிய குறிச்சொற்கள் எவை, நாம் புகுத்தியவை எவை என்று அப்போது பிரிக்க இயலாது. சேர்த்து எழுதிய பெயர்களின் நிலை இன்னும் மோசம். எங்கே வெட்டுவது என்பதற்கு அடையாளமே இராது. கட்டளை எழுதுபவரின் ஐந்து நிமிடச் சௌகரியத்துக்காகத் தரவை நிரந்தரமாகக் கெடுக்கும் ஏற்பாடு இது. செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டுவது என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதுதான்.

இரண்டாவது மருந்து மேற்கோள் குறி. 'குறிச்சொல்=ஆர்டியா சினேரியா' என்பதை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தால் ஷெல் அதை நறுக்காமல் ஒரே துண்டாகக் கொடுத்துவிடும். சரியான மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் குணமாகிறது என்று தெரியாமல் சாப்பிட்டால் பக்கவிளைவு உண்டு. மேற்கோள் குறி ஷெல்லுக்குச் சொல்லும் சேதி. அது ஷெல்லோடு நின்றுவிடும். எக்ஸிஃப்டூல் அதைக் காண்பதே இல்லை. இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டால் மற்றக் குழப்பங்கள் தாமே விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பெயரை ஒரு மாறியில் போட்டுவைத்து, அதைக் கட்டளையில் பயன்படுத்துகிறோம். மாறியின் உள்ளேயே மேற்கோள் குறியையும் எழுதி வைத்தால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். போதாது. யூனிக்ஸ் வழிவந்த பாஷ் போன்ற ஷெல்கள் கட்டளை வரியில் தாம் நேரே காணும் மேற்கோளுக்கு மட்டுமே பொருள் கொள்கின்றன. மாறியை விரித்த பின் அதனுள்ளிருந்து வரும் மேற்கோள் அவற்றுக்கு வெறும் எழுத்துதான். இடைவெளியோ அப்போதும் கத்திதான். விளைவு, குறிச்சொல்லின் தலையில் ஒரு மேற்கோள் குறி ஒட்டிக்கொள்ள, மறுபாதி கோப்பின் பெயராகிவிடும். மாறியின் பெயரைக் கட்டளையில் எழுதும் இடத்தில் மேற்கோளுக்குள் எழுதுவதே முறை.

வேடிக்கை என்னவென்றால், 2019-க்குப் பிந்தைய ஆப்பிள் கணிப்பொறிகளில் இயல்பாக அமைந்துள்ள இசட்-ஷெல் மாறியை விரித்தபின் நறுக்குவதில்லை. அங்கே ஒழுங்காக ஓடிய வரி பாஷில் ஓட்டினால் சறுக்கும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்திலோ ஒற்றை மேற்கோளுக்கு மதிப்பே கிடையாது. யூனிக்ஸ்காரர் எழுதிய குறிப்பை அப்படியே அங்கே தட்டினால் ஒற்றை மேற்கோளோடு பாதிப் பெயர் படத்துக்குள் ஏறிவிடும். இந்த இதழில் அச்சாகியிருக்கும் வளைந்த மேற்கோள்களைப் பார்த்துத் தட்டாதீர்கள் என்றும் எச்சரிக்க வேண்டும். ஷெல் அறிந்தவை நேராக நிற்கும் மேற்கோள்கள் மட்டுமே. சொற்செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வளைந்தவை வந்து சேர்ந்துவிடும். அதே வழியில் இன்னொரு விருந்தாளியும் வருவதுண்டு. 160 என்ற எண்ணுடைய உடையா இடைவெளி அது. கண்ணுக்கு 32 போலவே தெரியும். ஆனால் ஷெல் அதை வெட்டாது. தேடலிலும் அது 32-க்கு ஈடாக எண்ணப்படுவது உறுதியில்லை. ஒரே பறவைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு குறிச்சொற்கள் பட்டியலில் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

(இடைவெளியைச் சற்றும் மதிக்காத மொழியும் இருந்தது. பழைய ஃபோர்ட்ரானில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றே. அது வேறு விதமான வினைகளைக் கொண்டுவந்தது. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

இனி எக்ஸிஃப்டூலின் பங்கு. ஷெல் நறுக்கிக் கொடுத்ததற்கு அது பொறுப்பாகாது. 'சினேரியா' தனியே வந்தபோது அது குறிச்சொல்லின் மறுபாதி என்று அறிய அதற்கு வழியில்லை. ஆயினும் குறிப்பிட்ட கோப்புகளுள் ஒன்று இல்லை என்று தெரிந்த பிறகும் மற்றவற்றில் எழுதிக்கொண்டே போவது சரியா? ஆயிரம் படங்களில் ஒன்று காணாமற்போனதற்காக வேலையை நிறுத்தினால் அதுவும் தொல்லைதானே என்று வாதிடலாம். படிக்கும் வேலைக்கு இந்த வாதம் பொருந்தும். எழுதும் வேலை வேறு. இல்லாத கோப்பின் பெயர் வந்தால் ஒரு படத்தையும் தொடும் முன் பயனரை ஒரு முறை கேட்பது நலம் என்பது என் கருத்து. மூலநகலை வைத்துக்கொள்ளும் அதன் இயல்பான வழக்கம் இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. அந்தக் காப்பை நிறுத்தியவன் நான்தானே என்று நீங்கள் சொன்னால் தலைகுனிவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

என் இரண்டாவது குறைக்கு அவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. படத்திலுள்ள குறிச்சொற்களைப் படித்துக் காட்டும்போது எக்ஸிஃப்டூல் அவற்றைக் காற்புள்ளியும் இடைவெளியும் இட்டு ஒரே வரியாகக் காட்டுகிறது. 'நாரை', 'ஏரி' என்ற இரண்டு சீட்டுகள் இருந்தாலும், 'நாரை, ஏரி' என்று தவறாக எழுதிய ஒரே சீட்டு இருந்தாலும் திரையில் தெரிவது ஒன்றே! சரிபார்க்கப் போனவரைச் சரியாக இருக்கிறது என்று நம்பவைத்து அனுப்பிவிடுகிறது. அந்தத் தவறு நேர்வதும் சாதாரணம். காற்புள்ளியிட்டு எழுதினால் தானாகப் பிரிந்துவிடும் என்று எண்ணி எழுதுவோம். பிரிக்கும் குறி இன்னது என்று தனியே ஒரு விருப்பத்தில் சொன்னாலொழிய அது பிரிக்காது. அப்போதும் வெறும் காற்புள்ளியை மட்டும் பிரிப்பான் என்று தந்தால், அதற்குப் பின்னுள்ள இடைவெளி அடுத்த சொல்லின் முன்னே ஒட்டிக்கொள்ளும். ' ஏரி' என்பதும் 'ஏரி' என்பதும் கணிப்பொறிக்கு இரண்டு வேறு சொற்கள். ஒன்றை நீக்கு என்றால் மற்றது நிற்கும். காற்புள்ளியும் இடைவெளியுமாகப் பிரிப்பானைத் தந்தால் இந்தத் தொல்லை வராது. பிரிப்பானில் உள்ள இடைவெளி, எத்தனை இடைவெளி இருந்தாலும், இல்லாவிட்டாலுங்கூடப் பொருந்தும்படி நிரல் அமைந்திருக்கிறது. நுட்பமான ஏற்பாடுதான். கையேட்டில் ஒரு வரியில் சொல்லப்பட்டிருப்பதை எத்தனை பேர் படிக்கிறார்கள்? படிக்கும்போது குத்துக்கோடு போன்ற, பெயர்களில் வாராத குறியைப் பிரிப்பானாகத் தந்து பாருங்கள். உண்மையில் எத்தனை சீட்டுகள் என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் எதைத்தான் பின்பற்றுவது? எக்ஸிஃப்டூலிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. அது போதிய புகழ் பெறவில்லை என்பதே என் ஆதங்கம். கட்டளையின் உறுப்புகளை ஒரு சாதாரண உரைக்கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, அந்தக் கோப்பைப் படி என்று சொல்லிவிடலாம். ஒரு வரி ஓர் உறுப்பு. ஷெல் அதன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஆகையால் நறுக்குவாரும் இல்லை, மேற்கோளும் வேண்டாம். பழக்க தோஷத்தால் மேற்கோள் இட்டுவிட்டால் அதுவும் பெயரின் பகுதியாகப் படத்துக்குள் போய்விடும், அது ஒன்றில்தான் எச்சரிக்கை. ஒவ்வொரு பெயருக்கும் 'கழித்தல் சமம்' ஒரு வரி, 'கூட்டல் சமம்' ஒரு வரி என்று எழுதினால், ஏற்கெனவே அந்தப் பெயர் இருந்தாலும் இரட்டிக்காமல் ஒரு முறை மட்டும் நிற்கும். ஐ.பி.டி.சி.யிலும் எக்ஸ்.எம்.பி.யிலும், இரண்டிலுமே எழுதிவிடுங்கள். படம் பார்க்கும் நிரல்களில் சில ஒன்றைப் படிக்கும், சில மற்றதை.

தமிழில் குறிச்சொல் எழுத விரும்புவோர் 64 பைட் வரம்பை மறக்கக் கூடாது. யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்தும் இடைவெளியும் ஒவ்வொரு பைட். தமிழிலோ உயிர், மெய்க்குரிய வடிவம், கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'வெள்ளை அரிவாள் மூக்கன்' என்ற பெயரில் இப்படி 20 குறிகள், 60 பைட். இரண்டு இடைவெளிகளையும் சேர்த்து 62. மயிரிழையில் தப்புகிறது. அதையே 'கருந்தலை அரிவாள் மூக்கன்' என்று எழுதினால் 68, ஐ.பி.டி.சி.யில் இடம் போதாது. எண்ணிப் பார்த்தால் முழுப் பெயரிலும் மிகக் குறைந்த இடத்தை அடைப்பவை அந்த இரண்டு இடைவெளிகளே.

எங்கள் நாரைகளின் கதி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். குறிச்சொற்கள் அழிந்தாலும் படமெடுத்த நேரம் அழியவில்லை. அது வேறு பகுதியில் இருந்தது. மாணவர்களின் கள ஏடுகளில் எந்த மணிக்கு எந்தப் பறவை என்ற குறிப்பு பென்சிலில் இருந்தது. ஒரு கேமராவின் கடிகாரம் 7 நிமிடம் பின்தங்கியிருந்ததைக் கண்டுபிடித்த பிறகு இரண்டும் பொருந்தத் தொடங்கின. மூன்று வாரம், மாலை வேளைகளில், நான்கு மாணவர்களும் நானும் உட்கார்ந்து படம் படமாகப் பெயரை மீட்டோம். இம்முறை வரிக்கு ஒன்றாக எழுதிய கோப்பிலிருந்து, மூலநகல்களை வைத்துக்கொண்டே எழுதினோம்.

37 படங்கள் மட்டும் மிஞ்சின. சூரியன் மறைந்தபின் வானத்தின் முன்னே கறுத்த நிழலாக ஒரு நாரை. ஏட்டில் அந்த நேரத்துக்குக் குறிப்பில்லை. சாம்பலா, செந்நாரையா, வெள்ளைக் கொக்கா என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று விடை வந்தது. அவற்றில் குறிச்சொல் இன்றும் 'ஆர்டியா' என்றே இருக்கிறது. அந்த 37-ஐப் பொறுத்தவரை அது பிழையும் அன்று.